மாறுதல் இல்லாத விரல்

வீரையன் நெல்லைக் கொண்டுவந்து இறக்கிய அன்று வானம் திறந்துதான் கிடந்தது. பூட்டிக்கொண்டது கம்ப்யூட்டர்.

மேலவன்னிக்காடு கொள்முதல் நிலையத்தில் தராசு தயாராக இருந்தது. சாக்கு தயாராக இருந்தது. லோடுமேன்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். எடையைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டர் திறந்தால் போதும். நிலையத்தின் எழுத்தர் ஹாஜா மைதீன், அதிராம்பட்டினத்துக்காரன், திரையில் சிவப்பாக மின்னிய வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"பாஸ்வேர்டு செத்துப்போச்சுண்ணே."

எப்போது உயிர் வரும் என்று வீரையன் கேட்டார். அது பெரிய கதை என்றான் ஹாஜா மைதீன். கதையையும் சொன்னான்.

அந்த மாவட்டத்தின் அரசுக் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் நெடுநாளாக ஒரே கடவுச்சொல்தான் இருந்தது. ஆளுங்கட்சித் தலைவரின் பிறந்தநாள். யாரும் உத்தரவு போடவில்லை, மரியாதை அப்படித் தானாக அமைந்துவிட்டது. மறந்துபோனாலும் பயமில்லை, எதிர்ச்சுவரில் போஸ்டர் இருக்கும். பிறகு ஆட்சி மாறியது. முடிவு வந்த மத்தியானமே சுறுசுறுப்பான ஊழியர்கள் புதிய தலைவரின் பிறந்தநாளுக்கு மாறினார்கள். நிதானமானவர்கள் மந்திரிசபைப் பட்டியல் வரட்டும் என்று காத்திருந்தார்கள். விசுவாசமானவர்கள் மாறவே இல்லை. கம்ப்யூட்டர்களோ ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்று சொல்வதை மற்றது ஒப்புக்கொண்டால்தான் வேலை ஓடும். வருவாய் அலுவலகம் ஒரு தலைவரைச் சொல்ல, கோயில் நில அலுவலகம் இன்னொரு தலைவரைச் சொல்ல, இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தஞ்சாவூரில் ஒரு புதுப் பிரிவு தொடங்கினார்கள். மாவட்ட ஒருங்கிணைந்த கடவுச்சொல் மேலாண்மைப் பிரிவு. அது வந்த பிறகுதான் எல்லாம் முறைப்படி நின்றது.

"அங்க நீ போய்ச் சொல்லக்கூடாதா தம்பி?"

"நான் சொன்னா எடுக்க மாட்டாங்கண்ணே. பாதிக்கப்பட்டவங்கதான் நேர்ல வரணும். இது பூட்டிக்கிட்டா எனக்கு என்ன பாதிப்பு, வேலை மிச்சம்."

வீரையன் குவியலைத் திரும்பிப் பார்த்தார். அத்தனையும் குறுவை நெல். புரட்டாசி முடியப்போகிறது. மழை இறங்கினால் நெல்லில் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள், எடுக்காவிட்டால் கையில் காசு இல்லை, அடுத்த போகமான தாளடி நடவு என்ற பேச்சே கிடையாது. நிலம் கோயில் நிலம். அந்த நிலத்தின் குத்தகைப் பதிவில் குடும்பத்தின் பெயரை ஏற்றுவதற்காக வீரையனின் அப்பா கொடி பிடித்து, அடி வாங்கி, சிறைக்கும் போய்வந்தவர். நடவு போடாமல் நிலம் சும்மா கிடந்தால் அந்தப் பெயரை அடித்துவிட ஊரில் ஆள் தயாராக இருந்தது.

அவர் மனைவி செவ்வந்தி படுதாவை இழுத்துக் குவியலின் மேல் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்தாள். நெல்லைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், போன காலோடு திரும்பச் சொல்லியும் அவரை பஸ் ஏற்றிவிட்டாள்.

போன காலோடு திரும்புவது அந்தப் பிரிவின் நடைமுறையில் இல்லை.

வாசலிலேயே டோக்கன் எந்திரம் இருந்தது. அதற்கும் கடவுச்சொல் உண்டு, அதுவும் பூட்டிக்கொண்டிருந்தது. அதனால் காவலாளி வாயாலேயே டோக்கன் கொடுத்தார். "நீங்க பச்சை" என்று வீரையனிடம் சொன்னார். முன்னால் நின்ற எல்லோரும் பச்சை. யாரைக் கூப்பிட்டாலும் எல்லோரும் எழுந்தார்கள்.

பிரிவின் தலைவர் இளையபெருமாள், முகத்தில் பவுடரும் பையில் மூன்று நிறப் பேனாக்களுமாக இருந்தார். வீரையன் குறையைச் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. புகார் கொடுக்கும் அளவுக்குத் தங்கள் பிரிவு மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்ற மலர்ச்சி அது.

"ஆட்சி மாறினதும் ஒவ்வொரு ஆபீசும் தனித்தனிக் கடவுச்சொல் வெச்சுக்கிச்சு பெரியவரே. ஒருத்தர் மறந்தா அந்த ஆபீஸ் மட்டும் நிக்கும், மத்தது ஓடும். ஒருத்தனுக்கு வேலை நடக்குது, இன்னொருத்தனுக்கு நடக்கல. பாகுபாடுதானே அது? இப்ப ஒருங்கிணைச்சுட்டோம். ஒருத்தர் மறந்தா எல்லாம் நிக்கும். யாரைப் பாத்தும் யாரும் பொறாமைப்பட வேண்டியதில்ல."

சரி, எங்கள் நிலையத்துக்குப் புது பாஸ்வேர்டு எப்போது வரும் என்று வீரையன் கேட்டார்.

"இங்க மாத்துறது மேட்டூர் தண்ணி மாதிரி. தலைமடைக்கு உடனே வந்துடும். உங்க பேராவூரணிப் பக்கமெல்லாம் கடைமடை, போய்ச் சேர நாளாகும். போய்ச் சேர்றதுக்குள்ள பாதுகாப்பு விதிப்படி இங்க அது காலாவதி ஆயிடும். அப்ப புதுசு ஒண்ணு திறந்துவிடுவோம்."

"அப்ப கடைமடைக்கு உயிரோட எப்பய்யா வந்து சேரும்?"

"நீங்க விவசாயி. உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா" என்றார் இளையபெருமாள், வாஞ்சையாக.

உடனடித் தீர்வுக்கு அவர் அடுத்த அறையைக் காட்டினார். அங்கே ஒரே அறையில் மூன்று மேசைகள். கொள்முதல் மேசை, வருவாய் மேசை திறந்தால் தானும் திறப்பதாகச் சொன்னது. நெல் யாருடைய நிலத்தில் விளைந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா. வருவாய் மேசை, அது கோயில் நிலம் என்பதால் கோயில் மேசையைக் கைகாட்டியது. கோயில் மேசையோ, குத்தகை நெல் அளந்த விவரம் கொள்முதல் மேசையில் இருந்துதான் வர வேண்டும் என்றது. மூவரும் நல்ல சிநேகிதர்கள். ஒரே பொட்டலத்தில் கைவிட்டு மெதுவடை சாப்பிட்டார்கள். வீரையன் ஒவ்வொரு மேசையாகச் சுற்றி, கிளம்பிய மேசைக்கே வந்து நின்றபோது அவருக்கும் ஒரு வடை கொடுத்தார்கள்.

மூன்றையும் ஒரே சமயத்தில் திறக்க வழி இல்லாமல் இல்லை. மூல ரேகை என்று ஒன்று இருந்தது. பொறுப்பு அலுவலர் தன் பெருவிரலை எந்திரத்தில் வைத்தால் மாவட்டம் முழுக்கத் திறக்கும். ஆனால் முதலில் விரல் பதித்தவரை நாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் விரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவருக்குப் பதவி உயர்வு. அதற்கடுத்தவர் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். ஒவ்வொரு விரலும் பதிந்து சூடு ஆறுவதற்குள் ஊரைவிட்டுப் போனது. இளையபெருமாள் விரல் பதிக்கவே இல்லை. அவர் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார்.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வீரையனை அவர் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். பார்வை கீழே இறங்கி, கையில் வந்து நின்றது.

"பெரியவரே, உங்களுக்கு மாறுதல் வருமா?"

"நான் எங்கய்யா போறது. நெலம் இங்கதானே கெடக்கு."

"பதவி உயர்வு?"

வீரையன் சிரித்தார்.

"ஓய்வு எப்ப?"

"கட்டையில போறப்பதான்."

மூன்று மேசைகளும் எழுந்து நின்றன. இளையபெருமாளின் குரல் தழுதழுத்தது. இத்தனை நாள் நாம் அதிகாரிகளின் விரலை நம்பி ஏமாந்தோம், ஆட்சி மாறினாலும் இடம் மாறாத ஒரே ஆள் இந்த நாட்டில் குத்தகை விவசாயிதான், இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலமா ஆனது என்று அவர் ஒரு சிறிய உரையே ஆற்றினார். விரலை வைத்தால் தன் நெல்லை எடுப்பார்களா என்று வீரையன் கேட்டார். எல்லோர் நெல்லையும் எடுப்பார்கள் என்றார் இளையபெருமாள். அது பொய்யும் இல்லை.

எந்திரம் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகையைத் தேட வேண்டியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவினார்கள். கோயில் மேசைக்காரர் தன் சந்தன வில்லையைக்கூடத் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் எந்திரம் பச்சை விளக்கைக் காட்டியது. மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் கண் விழித்தன. கைதட்டல். அப்பா ஒரு பதிவேட்டில் ஏற்றப் பாடாய்ப் பட்ட குடும்பத்தின் பெயர், ஒரு டீ ஆறுவதற்குள் மாவட்டத்தின் அத்தனை அலுவலகங்களிலும் ஏறிவிட்டது.

வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார்கள்.

கம்ப்யூட்டர் சற்று நேரம் சும்மா இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும் என்பது பாதுகாப்பு விதி. அந்த அலுவலகங்களில் கம்ப்யூட்டர் சும்மா இருப்பது அடிக்கடி நேர்ந்தது. அப்போதெல்லாம் விரல் வேண்டும். அவருக்கு எந்திரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். மதியம் சாப்பாடு வந்தது. ரேகை அரசுச் சொத்து, அதற்குச் சேதம் வரக்கூடாது என்று வலக்கைக்கு ஒரு வெள்ளை உறை கொடுத்தார்கள். அரிவாள், மண்வெட்டி, கயிறு, ஈர மண் ஆகியவற்றைத் தொடுவதற்குத் தடை. பிசைந்து சாப்பிடக்கூடாது, ஸ்பூன்.

ஹாஜா மைதீன் போனில் பேசினான். கம்ப்யூட்டர் திறந்துவிட்டது, மூட்டைகள் மளமளவென்று ஏறுகின்றன என்றான். அவன் குரலில் சந்தோஷம் குறைவாக இருந்தது.

"ஆனா உங்க பேரைப் போட்டா மட்டும் எடுக்க மாட்டேங்குதுண்ணே. நீங்க பயனர்னு காட்டுது. பயனர்கிட்ட நெல் வாங்கக்கூடாதாம்."

வீரையன் உறை போட்ட கையோடு இளையபெருமாளின் முன்னால் போய் நின்றார்.

"நீங்களே திறந்து, நீங்களே வித்தா, நாளைக்குத் தணிக்கையில நாங்க என்ன பதில் சொல்றது? நேர்மைன்னு ஒண்ணு வேணாமா?"

அப்படியானால் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார் வீரையன். எடுக்கலாம், அதற்கும் மூல ரேகைதான் வேண்டும். ஆனால் தன்னை நீக்கும் கோரிக்கைக்குத் தானே ரேகை வைக்க விதியில் இடமில்லை. சரி, செவ்வந்தி பெயரில் விற்கலாமா? குத்தகைப் பதிவு அவள் பெயருக்கு மாற வேண்டும். எப்போது மாறும்? குத்தகைதாரர் காலமானால் மாறும். வீரையன் அந்த வழியைக்கூட யோசிப்பது போல நின்றார். இளையபெருமாள் பதறிப்போனார். எந்திரம் விரலின் சூட்டைப் பார்க்கும், ஆகையால் அவர் உயிரோடு இருப்பது நிர்வாகத்துக்கு மிக அவசியம் என்றார். தன் உயிரைப் பற்றி அரசாங்கம் இவ்வளவு கவலைப்பட்டு வீரையன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, டீ வாங்கப் போனவர்கள் திரும்புவதற்குள் அவர் நழுவினார். பழைய பஸ் நிலையத்தில் ஒரத்தநாடு வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடி ஏறிவிட்டார். கல்லணைக் கால்வாய்ப் பாலம் வரை ஒரு தடங்கலும் இல்லை. கால்வாயில் தண்ணீர் சேறு கலந்து ஓடியது. மேற்கே மழை என்று அர்த்தம். பாலத்தின் மறுகரையில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது.

இளையபெருமாள் கோபிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தணிந்த குரலில் நிலைமையைச் சொன்னார். ரேஷன் கடைகள் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் பிறந்த ஒரு குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று காட்டுகிறது. பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணம் பாதி அச்சாகி நிற்கிறது. இப்போதைக்கு மாப்பிள்ளைக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. பஸ்ஸிலிருந்த எல்லோரும் வீரையனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள், முதியோர் உதவித்தொகைக்குப் போனதாகவும் கம்ப்யூட்டர் பூட்டியிருந்ததாகவும் சொல்லி, "நீங்கதானா அது?" என்று கேட்டாள். அவர் இறங்கி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் ஆளுங்கட்சி போஸ்டர் ஒட்டியது. தலைவர் படத்துக்குப் பக்கத்தில் வாழைப்பழம் அளவுக்கு ஒரு விரல். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா. பிரிவின் வாசலில் பந்தல் போட்டு ஆர்ப்பாட்டம் செய்தது. தன்னை விடச்சொல்லித்தான் கோஷம் போடுகிறார்கள் என்று நினைத்து வீரையன் ஜன்னலுக்கு வந்து கும்பிட்டார். அவர்களுடைய கோரிக்கை வேறு. தங்கள் ஆட்சியில் விவசாயிக்கு இரண்டு கையும் கொடுத்திருப்போம், இவர்கள் ஒரு விரலோடு நிறுத்திவிட்டார்கள் என்று மைக்கில் பேசினார்கள்.

பேச்சு முடியும் முன்பே தூற ஆரம்பித்தது. பந்தலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தூறல் விடவில்லை. சாயங்காலம் அது மழையாயிற்று. விடிந்தும் மழை. வீரையன் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இடையிடையே கூப்பிடுவார்கள். போய் விரலை வைத்துவிட்டு மறுபடி வந்து நிற்பார். மேலவன்னிக்காட்டில் மற்றவர்கள் நெல்லெல்லாம் எடையாகி லாரி ஏறிவிட்டது. வெட்டவெளியில் நின்றது அவர் குவியல் ஒன்றுதான்.

மழை ஓய்ந்த ஒருநாள் செவ்வந்தி வந்தாள். காவலாளி அவளுக்கும் பச்சை என்றார். அவள் நிற்காமல் உள்ளே வந்து, வீரையனின் மேசைமேல் முந்தானையை அவிழ்த்தாள். நெல்லும் வேருமாகப் பின்னிக்கொண்ட பச்சைக் குச்சங்கள்.

"படுதா தாங்கலைங்க. அடியில தண்ணி ஏறிடுச்சு. வாரிப்போட்டுக் காயவெக்கலாம்னு பாத்தேன், வெயிலே இல்ல. முழுசா மொளைச்சுப்போச்சு."

வீரையன் வெள்ளை உறையைக் கழற்றினார். முளைகளைத் தொட்டார். தடை செய்யப்பட்ட ஈரம்தான்.

"வீட்டுக்கு வந்துடுங்க" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிராம நிர்வாக அலுவலர் மருதையன் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். அவர் மேலவன்னிக்காட்டுப் பயிர்க் கணக்கெடுப்பை முடித்திருந்தார். கொள்முதல் நிலையத்து வளாகத்தில், அரசுப் புறம்போக்கில், நெற்பயிர் பச்சையாக நின்றது. பார்த்ததைப் பதிவு செய்தார். யார் பயிர் என்று கம்ப்யூட்டர் கேட்டது. வீரையன் என்று போட்டார். மீதியை அதுவே பார்த்துக்கொண்டது.

"ஆக்கிரமிப்பு நோட்டீஸ் தானா தயாராயிடுச்சு சார். வருவாய், கோயில், கொள்முதல், மூணும் ஒரே நிமிஷத்துல ஒத்துக்கிச்சு. ஒரு மறுப்பு இல்ல."

இளையபெருமாளின் கண்கள் கலங்கின. ஒருங்கிணைப்பு என்று மேடைக்கு மேடை பேசியவர், அது நடந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. மூன்று மேசைக்காரர்களும் ஒருவரோடொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள்.

செவ்வந்தி மருதையனைப் பார்த்தாள். "பயிர் எங்க பேர்லதான் ஏறியிருக்கா?"

"ஆமா."

"அப்ப வெளைஞ்சா நாங்க அறுக்கலாமா?"

அறுக்கலாம், அறுத்ததை விற்கக் கொள்முதல் நிலையத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்றார் மருதையன், விதியை யோசித்து.

"கொண்டு வர்றதுக்கு என்ன இருக்கு. அங்கதானே நிக்குது" என்றாள் அவள்.

அச்சு எந்திரம் காத்திருந்தது. நோட்டீஸ் வெளியே வர மூல ரேகை வேண்டும். எல்லோரும் வீரையனைப் பார்த்தார்கள். எந்த உரையும் இல்லாமல் இளையபெருமாள் எந்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நான் வெக்கலைன்னா?"

"வராது. இது வரலைன்னா பின்னாடி நிக்கிறது எதுவும் வராது. அச்சு வரிசைப்படிதான். உங்களுது முன்னாடி நிக்குது."

வீரையன் கையை மடியில் வைத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து அந்த அறையில் அவர் செய்ய மறுத்த முதல் காரியம் அது. நிமிடங்கள் போயின. திரைகள் ஒவ்வொன்றாக மங்கின. இளையபெருமாள் பேனாக்களை எடுத்து, நிறம் பார்த்து, மறுபடி செருகினார். நோட்டீஸ் வராது. நிலத்தைப் பிடுங்கக் காத்திருப்பவன் கையில் ஒரு காகிதம் போகாது. செவ்வந்தி முளைகளை மறுபடி முந்தானையில் சேர்க்கத் தொடங்கினாள்.

வாசல் பக்கம் ஒருவர் இருமினார். முழங்கால் வரை சேறாக இருந்த மனிதர். பெயர் கண்ணுசாமி, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர். நெல் அங்கே நிலையத்து வாசலில் கிடக்கிறது, அதை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு இங்கே அச்சு வரிசையில் கிடக்கிறது என்று விடிகாலையே வந்து நிற்பவர். உள்ளே நடந்தது முழுவதையும் அவர் கேட்டிருந்தார்.

"எங்க பக்கமும் வானம் கருக்கிக்கிட்டு நிக்குதுண்ணே" என்றார். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு என்ன தோணுதோ" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வீரையன் செவ்வந்தியைப் பார்த்தார். அவள் கண்ணுசாமியின் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை முடிந்து இடுப்பில் செருகினாள்.

"வெச்சுவிடுங்க" என்றாள்.

அவர் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. நோட்டீஸ் வந்தது. அவர் விரல் எந்திரத்தில் இருந்ததால் செவ்வந்திதான் அதை வாங்கிக்கொண்டாள். அடுத்து கண்ணுசாமியின் சீட்டு. அவர் அதை வாங்கிச் சட்டைக்குள் செருகி, வீரையனின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்.

வீரையன் கையை எடுக்கப் போனார்.

"அப்படியே இருக்கட்டும் பெரியவரே" என்றார் இளையபெருமாள். "வெளிய நிறையப் பேர் நிக்கிறாங்க."

ஜன்னல் வழியே பார்த்தார். மறுபடி தூறல். தலையில் சாக்கும் பிளாஸ்டிக் பையுமாக வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

அவர் கையை எடுக்கவில்லை.